கோத்தகிரியில் ஆறு சனிக்கிழமைகள்: மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தாருக்கான வகுப்பு, ஒரு மதிப்பீடு

கோத்தகிரியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இயங்கும் சிறிய மனநல மருத்துவமனை, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய் கண்டவர்களின் குடும்பத்தாருக்காக ஆறு வார வகுப்பு ஒன்றை நடத்துகிறது. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது. ஆறு வகுப்புகளுக்கும் சேர்த்துக் குடும்பத்துக்கு 1,200 ரூபாய் கட்டணம், இருவர் வரலாம். இடையில் தேநீரும் வர்க்கியும் தருகிறார்கள். கடந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் ஆறு வகுப்புகளுக்கும் சென்றுவந்தேன். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று கீழே நிற்பவர்கள் கணக்கெடுக்கும் ஊர் எங்கள் ஊர். இடத்தை வெளியே சொல்வதில்லை என்று முதல் நாளிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மலையில் மனநல மருத்துவம் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம் என்பதால், தேவைப்படுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டாலே வழி தெரிந்துவிடும்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தம்பி இருபது வயதில் கோயம்புத்தூர்க் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். எதிர் மலையின் கோபுரத்திலிருந்து தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அதற்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அம்மா இறக்கும்வரை, தேர்வில் தோற்றதற்காகத் தான் அவனைத் திட்டியதால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்கு ஒரு விலங்கியல் ஆசிரியையாக என்னால் உருப்படியான மறுமொழி எதுவும் சொல்ல முடிந்ததில்லை. இந்த வகுப்புக்கு நான் போனதற்கு அதுதான் காரணம். என் மதிப்பீடும் அந்தக் கோணத்திலேயே அமைந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இந்நோய் 'இரட்டை ஆளுமை' அன்று என்பதையும், உலக அளவில் ஏறத்தாழ முந்நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பதையும், ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை 1908-இல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் முன்வைத்தார் என்பதையும் சொன்னார்கள். ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிதான் என்ற செய்தி, மரபணுவே தலையெழுத்து என்று நினைத்திருந்த இரண்டு தந்தையருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1948-இல் 'நோயை உண்டாக்கும் தாய்' என்ற கருத்தை ஃபிரீடா ஃபிரொம்-ரைக்மன் எழுதியதையும், அது பல பத்தாண்டுகள் எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதையும், அதற்கு ஆதாரம் கிடைக்காமல் மருத்துவ உலகமே அதைக் கைவிட்டதையும் மருத்துவர் சொன்னபோது, நான் என் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுச் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா அந்த அம்மையாரின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் அதே தீர்ப்பைத் தமக்குத் தாமே எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம், மூளையில் செய்தி கடத்தும் பொருளான டோபமின். இந்த வகுப்பு நான் கேட்ட மிகச் சிறந்த அறிவியல் வகுப்புகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். மருத்துவர் கதையைப் பாரிஸில் தொடங்காமல் கல்கத்தாவில் தொடங்கினார். சர்ப்பகந்தா வேர் உயர் இரத்த அழுத்தத்தையும் மனக்கொந்தளிப்பையும் தணிக்கிறது என்று 1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வேரிலிருந்து ரெசர்பின் 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்புரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வியந்தார்கள். இரண்டு மருந்துகளும் ஏன் வேலை செய்கின்றன என்பது அன்று எவருக்கும் தெரியாது. ரெசர்பின் கொடுத்ததால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைச் செலுத்தி, அவை மீண்டும் எழுந்து நடமாடுவதை 1957-இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். டோபமின் ஒரு நரம்புணர்வு கடத்தி என்பது அதன் வழியாகவே நிலைபெற்றது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எழுபதுகளின் நடுவில், ஒரு மருந்து, டோபமின் செல்லில் வந்து பொருந்தும் இடமான டி2 ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும் என்பதைப் பிலிப் சீமனும் சாலமன் ஸ்னைடரும் தனித்தனியே கண்டறிந்தபோதுதான், இருபதாண்டுகளாக விளங்காதிருந்த மருந்தின் வேலை ஓரளவு விளங்கியது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. மூளையில் டோபமின் செல்லும் பெரிய பாதைகள் நான்கு. ஒன்றில் அது மிகும்போது இல்லாத குரல் கேட்கிறது, காரணமற்ற ஐயம் வேர்விடுகிறது. நெற்றிப் பகுதிக்குச் செல்லும் இன்னொன்றில் அது குறையும்போது ஊக்கம் வற்றிவிடுகிறது என்று கருதப்படுகிறது. மூன்றாவது உடல் அசைவை நடத்துகிறது. நான்காவது, தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. டோபமினைத் தடுக்கும் மாத்திரைக்கு இந்த வேறுபாடு தெரியாது. குன்னூர் சாலையில் மண் சரிந்ததற்காகக் கோத்தகிரி சாலையையும் சேர்த்து மூடிவிட்டால் மலையில் காய்கறி வண்டி ஓடாதல்லவா, அப்படித்தான் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன என்று மருத்துவர் சொன்னார். தம்பியின் கை நடுக்கத்தை நாங்கள் பலவீனம் என்று நினைத்து, ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. குரல் குறைந்தும் ஊக்கம் திரும்பாதது அவனுடைய சோம்பல் அன்று, இந்த மருந்துகளின் கைக்கு எட்டாத பகுதி அது என்பதும் அன்றுதான் புரிந்தது. டோபமினைத் தொடாமல், அசிட்டைல்கோலின் என்ற வேறொரு கடத்தியின் மஸ்காரினிக் ஏற்பிகள் வழியே செயல்படும் சனோமெலின்–டிரோஸ்பியம் என்ற கூட்டு மருந்துக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்ததையும் சொன்னார். உடனே அதன் விலையைக் கேட்டுக் கைகள் உயர்ந்தன.

நான்காம் வாரம் கிளியல் செல்கள், அதாவது மூளையில் நியூரான்களோடு சேர்ந்திருக்கும் துணைச் செல்கள். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே இந்த வகுப்புதான். இதில் எனக்குப் பாராட்டும் உண்டு, சண்டையும் உண்டு.

பாராட்டை முதலில் சொல்கிறேன். முப்பத்தோர் ஆண்டுகளாக நான் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நியூரான்களே மூளையின் வேலையாட்கள், நியூரோகிளியா என்பவை அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் பசை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். பசை என்ற பொருளில் 1856-இல் ருடால்ஃப் ஃபிர்ஹோ வைத்த பெயர் அது. பெயரே அவற்றின் தகுதியைத் தீர்மானித்துவிட்டது. மூளையில் நியூரான்களைப் போலப் பத்து மடங்கு கிளியல் செல்கள் உண்டு என்ற கணக்கையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அது பிழை. பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹௌசெலின் குழு 2009-இல் எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்களுக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் பிற செல்கள் இருந்தன. என்னிடம் படித்த மாணவர்களில் சிலராவது இதைப் படிப்பார்கள் என்று நம்பி இங்கே திருத்தம் போடுகிறேன்.

மருத்துவர் மூன்று வகைச் செல்களை எடுத்துக்கொண்டார். முதலாவது, விண்மீன் வடிவ ஆஸ்ட்ரோசைட். குளுட்டமேட் என்பது மூளையின் முதன்மையான கிளர்த்தும் கடத்தி. ஒரு நியூரான் அதை வெளியிட்ட பின் உடனே அகற்றாவிட்டால் அடுத்துள்ள செல்கள் நஞ்சேறியவை போலாகிவிடும். அதை உறிஞ்சி எடுத்து, குளுட்டமினாக மாற்றி, மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும்படி நியூரானுக்கே திருப்பிக் கொடுப்பது ஆஸ்ட்ரோசைட். இந்தக் குளுட்டமேட்டின் ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏ ஏற்பியை அடைத்துவிடும் ஃபென்சைக்ளிடின், கெட்டமின் ஆகியவை, நலமாக இருப்பவர்களிடத்திலும் மனச்சிதைவைப் போன்ற நிலையைச் சிறிது நேரம் உண்டாக்குகின்றன. ஐயமும் குழப்பமும் மட்டுமன்றி ஊக்கமின்மையும் அதில் உண்டு என்பதால், டோபமினால் விளக்க முடியாததைக் குளுட்டமேட் விளக்கக்கூடும் என்ற எண்ணம் வளர்ந்தது. கைனுரெனிக் அமிலம் என்ற பொருளும் அதே ஏற்பியை அடைக்கக்கூடியது. மூளையில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குபவை ஆஸ்ட்ரோசைட்டுகளே. நோயாளிகளின் தண்டுவட நீரில் அது கூடுதலாக இருப்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த போதைப்பொருள் செய்வதை உள்ளிருக்கும் செல்லே மெதுவாகச் செய்துகொண்டிருக்கலாம் என்ற இந்த விளக்கத்தை நான் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது, நரம்பிழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றும் ஒலிகோடென்ட்ரோசைட். நெற்றிப் பகுதியில் இந்த உறை சுற்றப்படும் வேலை இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது. நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்தப் பருவத்தில்தான். நோயாளிகளின் மூளையில் மையலின் தொடர்பான மரபணுக்களின் செயல்பாடு குறைந்திருப்பது 2001-இல் வெளியாயிற்று. 2017-இல் ஸ்டீவன் கோல்ட்மனின் குழு, சிறுவயதிலேயே நோய் கண்டவர்களின் செல்களிலிருந்து கிளியல் முன்னோடிச் செல்களை வளர்த்துப் பிறந்த எலிக்குஞ்சுகளின் மூளையில் இட்டபோது, அந்த எலிகளில் மையலின் குறைந்தது. அவற்றின் தூக்கமும் நடத்தையும்கூட மாறின. நியூரான்கள் எலியினுடையவை, கிளியல் செல்கள் மட்டுமே மனிதருடையவை என்று மருத்துவர் சொன்னபோது அறை அமைதியாயிற்று. அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்போதுதான் மழை சற்றே விட்டிருந்தது. தகரக் கூரையில் விழும் கார்த்திகை மழையில் அதற்கு முந்தைய இருபது நிமிடங்கள் பின்வரிசைக்குக் கேட்டிருக்கவே முடியாது. ஒலிபெருக்கி ஒன்று வாங்கி வைப்பது அவ்வளவு பெரிய செலவு ஆகாது.

மூன்றாவது, மைக்ரோகிளியா. 1919-இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்தேகா இனங்கண்டு பெயரிட்ட இச்செல்கள் மூளையின் காவலாட்கள். கழிவை அகற்றுவதோடு, வளரும் பருவத்தில் தேவைக்கு மிஞ்சிய நரம்பு இணைவுகளை விழுங்கி நீக்குவதும் இவையே. இந்த நீக்கம் விடலைப் பருவத்தில் அளவு மீறுவதே மனச்சிதைவுக்கு வழிவகுக்கிறதோ என்று 1982-இல் இர்வின் ஃபைன்பர்க் கேட்டார். 2016-இல் ஏறத்தாழ 29,000 நோயாளிகளின் மரபுத்தரவை ஆராய்ந்த குழு, எந்த இணைவை நீக்கலாம் என்று அடையாளமிட உதவும் சி4 என்ற நோய்த்தடுப்புப் புரதத்தின் சில மரபு வடிவங்கள் நோயின் வாய்ப்பைச் சற்றே கூட்டுகின்றன என்று கண்டது. மருத்துவர் இதற்குத் தேயிலைச் செடியின் கவாத்தை உவமையாகச் சொன்னார். எல்லோர் முகத்திலும் புரிந்த களை தெரிந்தது.

அப்போது இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். முப்பது ஆண்டுகளாகக் கவாத்துக் கத்தி பிடித்தவர், மகளுக்காக வந்திருந்தார். "டாக்டரம்மா, கவாத்து வெட்டுறது செடி சாகுறதுக்கு இல்லீங்க, புதுத் தளிர் வர்றதுக்கு. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டலைன்னாத்தான் செடி வீணாப்போகும். உங்க செல்லு செய்யுறது கவாத்தா, இல்ல காட்டெருமை மேயுறதா?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் மருத்துவர் நேர்மையாகவே விடை சொன்னார்: நீக்கம் எல்லா மூளைக்கும் தேவையானது, நலமான மூளையும் அப்படித்தான் சீராகிறது, ஆனால் வெட்டிய இடத்தில் தளிர்க்கும் என்று தேயிலைக்குச் சொல்வதைப் போல இங்கே சொல்ல முடியாது, உவமை அந்த இடத்தில் உடைந்துவிடுகிறது என்றார். பாடநூல் எழுதும் குழுக்களில் அந்தப் பெரியவரைப் போல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இனிச் சண்டை. வகுப்பின் கடைசிப் பகுதியில் திரையில் வந்த வாசகம், 'மனச்சிதைவு அடிப்படையில் ஒரு கிளியல் நோய்' என்றது. அச்சிட்டுத் தந்த நாற்பது பக்கக் கையேட்டிலும் அதே வாசகம் தடித்த எழுத்தில் இருக்கிறது. இது சான்றுகளை மீறிய பேச்சு. 76,755 நோயாளிகளின் தரவைக் கொண்டு 2022-இல் வெளியான மரபணு ஆய்வில் நோயோடு தொடர்புடைய 287 இடங்கள் இனங்காணப்பட்டன. அந்த மரபணுக்கள் முனைப்பாகச் செயல்படுவது பெரும்பாலும் நியூரான்களில்தான், கிளியல் செல்களில் அன்று. மைக்ரோகிளியா கொதித்தெழுகிறதா என்று அறிய எடுக்கப்பட்ட பெட் ஸ்கேன் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் என்ற நம்பிக்கையில், 207 பேருக்கு ஓராண்டு மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு, எந்தப் பயனும் இல்லை என்று 2018-இல் கைவிரித்தது. என்எம்டிஏ ஏற்பி செயல்பட உதவும் கிளைசினை ஆஸ்ட்ரோசைட்டுகள் திரும்ப உறிஞ்சுவதைத் தடுத்து அந்த ஏற்பிக்கு வலுவூட்டலாம் என்று உருவாக்கிய ஐக்லெபெர்ட்டின் என்ற மருந்தின் இறுதிக்கட்டச் சோதனைகளும் 2025 ஜனவரியில் தோல்வி என்று அறிவிக்கப்பட்டன. இவற்றில் ஒன்றுகூட வகுப்பில் வரவில்லை.

இதனால் கிளியல் செல்களுக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 22 முதல் 97 வயது வரையிலான 191 பேரின் மூளைத் திசுவைச் செல் செல்லாகப் படித்து 2024-இல் வெளியான ஆய்வு, நியூரான்களில் இணைவுகளுக்கான மரபணுக்கள் தளரும்போது ஆஸ்ட்ரோசைட்டுகளில் அவற்றுக்குத் துணைபுரியும் மரபணுக்களும் கூடவே தளர்கின்றன என்று காட்டியது. மனச்சிதைவிலும் முதுமையிலும் இது ஒருசேர நடக்கிறது. யார் முதலில் தளர்ந்தார் என்று பிரிக்க முடியாதபடி இருவரும் சேர்ந்து உழைக்கிறார்கள், சேர்ந்து சோர்கிறார்கள் என்பதே இன்றைய நிலவரத்துக்கு நெருக்கமான சித்திரம். இதை அந்தப் பெரியவருக்கும் புரியும்படி சொல்லக்கூடிய திறமை மருத்துவருக்கு நிறையவே உண்டு. அவர் ஏன் ஒற்றைக் குற்றவாளியைத் தேடினார் என்பதுதான் என் வருத்தம். தாயைக் குற்றவாளியாக்கிய கதையை இரண்டு வாரங்களுக்கு முன் சொன்னவரே அவர்தான்.

இந்த மிகைக்கு ஒரு விலையும் இருக்கிறது. வகுப்பு முடிந்து இறங்கும்போது, கீழே மருந்துச் சாளரத்தில் விண்மீன் வடிவச் செல்லின் படம் போட்ட ஒரு பெட்டி அடுக்கப்பட்டிருந்தது. 'கிளியல் செல்களை வலுப்படுத்தும்' என்ற வாசகத்தோடு முப்பது குளிகைகள், 890 ரூபாய். மருத்துவர் வகுப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாங்கச் சொல்லவும் இல்லை. ஆனால் பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பது இம்மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்த விலையில் வாழும் ஒரு தாய் இரண்டு பெட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கிளியல் செல்களை வலுப்படுத்தி மனச்சிதைவைக் குணமாக்கும் என்று நிறுவப்பட்ட குளிகை எதுவும் இன்று உலகில் இல்லை. சாளரத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டபோது, நிறுவனப் பிரதிநிதி வைத்துவிட்டுப் போனது என்றார். அடுத்த வாரம் எழுத்தில் முறையிட்டேன். ஆறாம் வாரம் அந்தப் பெட்டிகள் கண் மட்டத்திலிருந்து கீழ் அடுக்குக்கு நகர்ந்திருந்தன.

ஐந்தாம் வாரம் வீட்டுச் சூழலைப் பற்றியது. ஓயாத குறைகூறலும் அளவுமீறிய அரவணைப்பும் நோய் திரும்புவதற்கு வழிசெய்யும் என்பதை, எவரையும் குத்திக்காட்டாமல் சொன்னார்கள். மற்ற மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதபோது கொடுக்கப்படும் குளோசபினுக்கு ஏன் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை தேவை என்பதும் அன்று தெளிவாயிற்று: சிலருக்கு வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். ஆறாம் வாரத்தில் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகள், எந்நேரமும் அழைக்கக்கூடிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றைச் சொல்லி முடித்தார்கள். பயனுள்ள வகுப்புதான், விண்ணப்பப் படிவங்களை அங்கேயே நிரப்பவும் உதவினார்கள்.

குறை என்று இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். கையேடு முழுவதும் எழுத்துத் தமிழில் இருக்கிறது. வந்திருந்த பதினோரு குடும்பங்களில் நான்கு வீட்டில் படுகு பேசுகிறவர்கள், இரண்டு பேருக்கு எழுத்தே தெரியாது. மருத்துவரின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ள அனுமதித்தால் இது பாதி தீரும். மேலும், நோயாளிகளை வகுப்புக்கு அழைப்பதில்லை. என் தம்பி கையேட்டை வாங்கிப் படித்துவிட்டு, தன் மூளையைப் பற்றித் தன்னைத் தவிர எல்லோருக்கும் பாடம் நடத்துகிறார்களே என்று கேட்டான். அவனுக்கு என்ன சொல்வதென்று மருத்துவரிடம் கேட்டேன். அடுத்த முறை ஏழாவதாக ஒரு நாள் நோயாளிகளுக்கும் சேர்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த தொகுதி கோடைக்காலச் சீசன் நெரிசல் முடிந்த பின், ஜூன் மாதம் தொடங்குகிறது. கட்டணத்துக்கு இந்த வகுப்பு பலமடங்கு பெறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. போகிறவர்கள் மூன்றாம் வாரத்தைத் தவறவிட வேண்டாம். நான்காம் வாரம் முன்வரிசையில் உட்காருங்கள், கையேட்டின் 23-ஆம் பக்கத்தில் தடித்த எழுத்தில் உள்ள வரியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள், மருந்துச் சாளரத்தில் உங்கள் சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். தம்பியும் நானும் அந்த ஏழாவது நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்.